நெடுந்தூர வீரரும் உடல் உரோமமும்

உடலின் ஆற்றலை அளந்து காட்டும் போட்டிகளுள் நெடுந்தூரப் போட்டி தனிச்சிறப்பு உடையது. குறுந்தூரத்தில் வேகம் வெல்லும். நெடுந்தூரத்தில் பொறுமை வெல்லும். வன்னிப் பெருநிலத்திலே முள்ளியவளை என்னும் ஊர் இப்பொறுமையை நன்கறிந்தது. 2023 ஆம் ஆண்டு பிலிப்பைன்ஸ் நாட்டில் நடைபெற்ற ஆசிய மூத்தோர் மெய்வல்லுநர் போட்டியில், அவ்வூரைச் சேர்ந்த அகிலத்திருநாயகி ஸ்ரீசெயானந்தன் அவர்கள் தமது 72 ஆம் வயதில் 1500 மீற்றர் ஓட்டத்தில் தங்கப் பதக்கம் வென்றார். தொண்டைமானாறு செல்வச் சந்நிதியிலிருந்து கதிர்காமத்துக்குக் கால்நடையாகச் செல்லும் அடியார் கூட்டம் ஆண்டுதோறும் அம்மாவட்டத்தின் ஊடாகவே செல்கின்றது. நெடுந்தூரம் என்பது அம்மண்ணுக்குப் புதியதன்று.

அவ்வூரிலும் அயலிலும் ஓட்டம், நீச்சல், சைக்கிள் ஓட்டம் ஆகியவற்றில் ஈடுபடும் இளைஞர்கள் உலக வீரர்களைத் திரையிலே காண்கின்றனர். நீச்சல் வீரரின் மார்பிலும் சைக்கிள் வீரரின் காலிலும் ஓர் உரோமம் கூட இல்லை. உடனே ஓர் ஐயம் எழுகின்றது: உரோமத்தை நீக்கினால் வேகம் கூடுமா? கூடுமாயின் எவ்வாறு நீக்குவது? இவ்வினாவை எள்ளி நகையாடுவார் உளர். நாணித் தவிர்ப்பாரும் உளர். இரண்டும் தவறு. விடை கூறுவார் இல்லாவிடத்து, இளைஞன் நண்பனிடம் சவர அலகை இரவல் வாங்கித் தானே விடை காண முற்படுவான். அதனால் விளையும் தீங்கு சிறிதன்று. ஆகவே பயன் யாது, தீங்கு யாது, முறை யாது என மூன்றையும் நிரலே நோக்குதல் தகும்.

முதலில் உரோமத்தின் இயல்பை அறிதல் வேண்டும். தோலின் உட்புறத்தே மயிர்க்கால் என்னும் சிறு குழி உண்டு. அதன் அடியிலிருந்து உரோமம் வளர்கின்றது. அக்குழியை ஒட்டி எண்ணெய் சுரக்கும் சுரப்பி ஒன்று அமைந்து, தோல் வறண்டு வெடியாமல் காக்கின்றது. உடலைக் குளிர்விக்கும் வியர்வையோ பெரும்பாலும் வேறு துளைகளின் வழியே வெளிப்படுகின்றது. கைகால்களில் உள்ள மெல்லிய உரோமம் வியர்வைத் துளையை அடைப்பதில்லை. எனவே உரோமத்தை நீக்கினால் உடல் குளிரும், களைப்புத் தோன்றாது என்று கருதுதல் பொருந்தாது.

உரோமம் நீக்குவதால் உண்மையான பயன் விளையும் இடம் நீர். காற்றைக் காட்டிலும் நீர் ஏறத்தாழ எண்ணூறு மடங்கு செறிவுடையது. ஆதலின் காற்றிலே பொருட்படுத்தத் தகாத சிறு தடையும் நீரிலே பெரிதாகின்றது. 1956 ஆம் ஆண்டு மெல்பேண் ஒலிம்பிக் விழாவில் அவுஸ்திரேலிய நீச்சல் வீரர்களான ஜோன் ஹென்றிக்ஸ், மறே ரோஸ் ஆகியோர் உடலை மழித்துக்கொண்டு நீந்திப் பொற்பதக்கங்களை வென்றனர். அதன் பின்னரே இவ்வழக்கம் உலகெங்கும் பரவிற்று. அவர்கள் வென்றது பயிற்சியாலா, மழித்தலாலா என்னும் ஐயம் நெடுநாள் நிலவியது.

அந்த ஐயத்தை அமெரிக்க ஆய்வாளர்களான ஷார்ப், கொஸ்ரில் ஆகிய இருவரும் 1989 ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு பெரிதும் தீர்த்து வைத்தது. மார்பு நீச்சல் பயின்ற வீரர் ஒன்பதின்மரை உரோமம் நீக்குவதற்கு முன்னும் பின்னும் ஒரே தூரத்தை நீந்தச் செய்தனர். உரோமம் நீக்கிய பின் அவர்கள் ஒரு வீச்சிலே கடந்த தூரம் சராசரியாக 2.07 மீற்றரிலிருந்து 2.31 மீற்றராக உயர்ந்தது. தசை களைக்கும்போது இரத்தத்திற் சேரும் இலக்ரிக் அமிலமும் குறைந்தது. உரோமம் நீக்காது நீந்திய வேறு சிலரிடம் இம்மாற்றம் காணப்படவில்லை. 2010 ஆம் ஆண்டின் தொடக்கம் முதல், உடல் முழுவதையும் மூடும் வழுவழுப்பான நீச்சலுடைகளை உலக நீச்சற் சம்மேளனம் தடை செய்தமையால், தோலின் வழுவழுப்புக்கு மீண்டும் மதிப்பு உண்டாயிற்று.

ஆயினும் நீச்சற் குளம் வேறு, கடல் வேறு. பாக்கு நீரிணையை 1954 ஆம் ஆண்டு நீந்திக் கடந்த தொண்டைமானாற்று மு. நவரத்தினசாமியையும், 1971 ஆம் ஆண்டு அதே நீரிணையை இருவழியும் 51 மணித்தியாலங்களில் நீந்திய வல்வெட்டித்துறை ஆழிக்குமரன் ஆனந்தனையும் நேயர்கள் அறிவர். தமிழ்நாட்டுச் சிறுவன் குற்றாலீசுவரன் 1994 ஆம் ஆண்டு பாக்கு நீரிணையையும் ஆங்கிலக் கால்வாயையும் நீந்தியபோது அவனுக்கு வயது 12. உரோமம் அரும்பாத அப்பருவத்திலே மழித்தல் என்னும் பேச்சுக்கே இடமில்லை. கடலை வென்றவை நெஞ்சுரமும் நெடுநாட் பயிற்சியுமே.

கடல் நீச்சலில் வீரனை வருத்துவது நீரின் தடை மட்டுமன்று. உப்பும் உராய்வும் அவனைப் பெரிதும் வருத்துகின்றன. அக்குளிலும் கழுத்திலும் தொடையிடுக்கிலும் தோலோடு தோல் ஆயிரக்கணக்கான முறை உராய்கின்றது. 1875 ஆம் ஆண்டு ஆங்கிலக் கால்வாயை முதன்முதலில் 21 மணி 45 நிமிடத்தில் நீந்திய கப்டன் மத்தியூ வெப், கடற்பன்றியின் கொழுப்பெண்ணெயை உடலிற் பூசிக்கொண்டார். இக்காலத்தவர் வாசலினும் கம்பளிக் கொழுப்பும் பூசுகின்றனர். இப்பூச்சு குளிரைத் தடுக்கும் என்று பலர் எண்ணுவர். அதன் முதன்மையான பயன் தோல் உரிந்து புண்ணாகாமற் காத்தலே. அன்று காலையில் மழித்த தோல் உப்பு நீரில் எரியும். மறுநாள் முளைக்கும் கூரிய முனை அடுத்த தோலை அராவும். எனவே கடலில் நெடுநேரம் நீந்துவோருக்கு மழித்தல் ஒரு கையால் கொடுத்து மறுகையால் எடுத்துக்கொள்வது போன்றது.

இனிச் சைக்கிள் ஓட்டத்தை நோக்குவோம். இங்கே தடை செய்வது காற்று. 1987 ஆம் ஆண்டு செஸ்ரர் கைல் என்னும் அமெரிக்கப் பொறியியலாளர், செயற்கைக் காலொன்றில் உரோமம் ஒட்டியும் ஒட்டாதும் காற்றுச் சுரங்கத்திற் சோதித்தார். நாற்பது கிலோமீற்றர் ஓட்டத்தில் மிச்சமாவது ஏறத்தாழ ஐந்து விநாடிகளே என அவர் கணித்தார். 2014 ஆம் ஆண்டு ஸ்பெஷலைஸ்ட் என்னும் சைக்கிள் நிறுவனம் தானே நடத்திய சோதனையில், அதே தூரத்துக்கு ஏறத்தாழ ஒரு நிமிடம் மிச்சமாகும் என அறிவித்தது. இரண்டுக்கும் இடையே பெரிய வேறுபாடு உண்டு. எவ்வாறாயினும் நேரத்தை எதிர்த்துத் தனியே விரையும் தேர்ந்த வீரனுக்கே இப்பயன் உரியது. விழுந்து சிராய்ப்பு ஏற்படும்போது புண்ணைக் கழுவுவதும் மருந்துத் துணியைக் கழற்றுவதும் எளிது என்பதும், தசையைப் பிடித்து விடுவது எளிது என்பதும் சைக்கிள் வீரர்கள் கூறும் ஏனைய காரணங்களாகும்.

ஓட்டத்துக்கும் நடைக்கும் வரும்போது வேகப் பயன் இல்லை என்றே கொள்ளலாம். மரதன் ஓட்ட வீரனின் வேகத்தில் கால் உரோமத்தின் மீது படும் காற்றுத் தடை கணக்கில் எடுக்கத் தகாதது. அவனை வருத்துவன தொடையிடுக்கில் வரும் அரைப்பும், நனைந்த சட்டை மார்பிலே உராய்வதால் வரும் புண்ணுமே. அதற்கு மருந்து சவர அலகன்று. உராயும் இடத்தில் வாசலின் பூசுவதும், தைப்பு உறுத்தாத, வியர்வையை உறிஞ்சி நில்லாத உடையை அணிவதுமே தக்க வழி. கதிர்காம யாத்திரை செல்லும் அடியாருக்கும் இதுவே பொருந்தும்.

உரோமத்தை நீக்காமையே நன்மை தந்தமைக்கும் சான்று உண்டு. 2016 ஆம் ஆண்டு றியோ ஒலிம்பிக் விழாவுக்கு ஆயத்தமான பிரித்தானியச் சைக்கிள் வீராங்கனைகள், இருக்கையில் உராயும் இடத்தில் புண்ணும் கட்டியும் தோன்றி வருந்தினர். அவர்களை ஆராய்ந்த மருத்துவக் குழு, அவ்விடத்து உரோமத்தை மழிப்பதையும் மெழுகால் பிடுங்குவதையும் அறவே நிறுத்துமாறு கூறியது. நிறுத்தியபின் அத்துன்பம் பெரிதும் நீங்கிற்று. இயற்கை அவ்விடத்தில் உரோமத்தை வைத்தது வீணுக்கன்று. அது தோலுக்கும் துணிக்கும் இடையே நின்று உராய்வைத் தாங்குகின்றது.

பயன் இவ்வளவே எனில், தீங்கு யாது? கூரிய அலகு உரோமத்தை மட்டும் வெட்டுவதில்லை. கண்ணுக்குப் புலனாகாத பல சிறு கீறல்களையும் தோலில் உண்டாக்குகின்றது. இதனை அறுவை மருத்துவர்கள் அனுபவத்தால் கண்டனர். 1971 ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், அறுவைக்கு முன் சவரம் செய்யப்பட்டோருள் 5.6 சதவீதத்தினருக்குப் புண் சீழ்ப்பிடித்தது. சவரம் செய்யப்படாதோரிடத்தும் களிம்பு பூசி உரோமம் நீக்கப்பட்டோரிடத்தும் அது 0.6 சதவீதமே. 2016 ஆம் ஆண்டு உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டியும், அறுவைக்கு முன் உரோமத்தை நீக்காதிருத்தல் வேண்டும், இன்றியமையாதாயின் கத்தரிக்கும் பொறியால் மட்டுமே நீக்குதல் வேண்டும், ஒருபோதும் மழித்தலாகாது என்று கூறுகின்றது.

வன்னிப் பகுதிக்கு இது இருமடங்கு பொருந்தும். அங்கே இளைஞர் காலையிலே ஓடுவர். மாலையிலே வயலில் இறங்குவர். காலபோகத்தில் வரம்பெங்கும் நீர் நிற்கும். எலியின் சிறுநீர் கலந்த அந்நீரிலிருந்து எலிக்காய்ச்சற் கிருமி, கீறல் பட்ட தோலின் வழியே உடலுட் புகும். 2024 ஆம் ஆண்டின் இறுதியில் யாழ்ப்பாணக் குடாநாட்டில் இந்நோய் பரவி உயிர்களைக் கொண்டதை நேயர்கள் மறந்திரார். காலை மழித்துக்கொண்டு அன்றே சேற்றில் இறங்குபவன், வீட்டின் கதவைத் திறந்து வைத்துக் கள்வனை அழைப்பவன் ஆகின்றான். நந்திக்கடல் நீரேரியில் இறங்குவோருக்கும் குளத்தில் நீந்துவோருக்கும் இவ்வெச்சரிக்கை உரியது.

மற்றொரு தீங்கு அலகைப் பகிர்தலால் வருவது. விளையாட்டுக் குழுவினர் ஒரே அறையில் தங்கும்போது ஓர் அலகு பல கை மாறும். ஈரல் அழற்சியை உண்டாக்கும் பி வகை வைரசு, உலர்ந்த இரத்தத்திலே குறைந்தது ஏழு நாட்கள் உயிரோடிருக்க வல்லது. அலகிலே இரத்தம் தெரிய வேண்டும் என்பதில்லை. நேர்த்திக்கடனுக்கு முடியிறக்கும்போது ஒவ்வொருவருக்கும் புதிய அலகு கேட்பது எவ்வளவு இன்றியமையாததோ, அவ்வளவு இன்றியமையாதது விளையாட்டு வீரர் தமக்கெனத் தனி அலகு வைத்துக்கொள்வதும்.

இனி முறைகளை நோக்குவோம். அவற்றுள் தீங்கு மிகக் குறைந்தது கத்தரித்தல். மின்கலத்தில் இயங்கும் சிறு பொறியால் உரோமத்தைத் தோலை ஒட்டிக் குறைக்கலாம். தோலிலே கீறல் படாது. ஓட்டக்காரருக்கும் நடைப் போட்டியாளருக்கும், ஏதேனும் செய்தே தீர வேண்டும் எனின், இதுவே போதும்.

அடுத்தது மழித்தல். செலவு குறைவு, எங்கும் செய்யத்தக்கது, பயன் ஓரிரு நாட்களே. வெதுவெதுப்பான நீரிற் குளித்து, தோல் இளகிய பின், சவர்க்கார நுரை பூசிப் புதிய அலகால் உரோமம் சாய்ந்த திசையிலேயே மெல்ல வழித்தல் வேண்டும். எதிர்த்து வழிப்பின் வழுவழுப்பு மிகும். ஆனால் உரோமம் தோலுக்குள்ளேயே சுருண்டு வளர்ந்து கொப்புளமாகும். சுருண்ட உரோமம் உடையோர் இதனைச் சிறப்பாகக் கருத்திற் கொள்ளல் வேண்டும். போட்டியன்று முதன்முதலாக மழித்தல் அறிவீனம். ஓரிரு மாதங்களுக்கு முன்னரே சிறிய இடத்தில் செய்து பார்த்து, போட்டிக்கு ஓரிரு நாட்களுக்கு முன் முடித்துக்கொள்ளலே முறை.

மூன்றாவது, கடைகளிற் கிடைக்கும் உரோம நீக்கிக் களிம்பு. அதிலுள்ள காரப்பொருள் உரோமத்தின் புரதத்தைக் கரைத்துவிடும். தோலும் அதே இனப் புரதத்தால் ஆனது என்பதை மறத்தலாகாது. குறித்த நிமிடத்துக்கு மேல் வைத்திருந்தால் தோல் வெந்துவிடும். முதல் நாள் முன்கையில் சிறிதளவு பூசி, சிவப்பும் எரிவும் இல்லையெனக் கண்ட பின்னரே பயன்படுத்தல் வேண்டும். மறைவிடங்களிலும் புண்பட்ட தோலிலும் பூசலாகாது.

நான்காவது, வேரோடு பிடுங்கும் முறை. மெழுகும், சீனியையும் எலுமிச்சஞ்சாற்றையும் காய்ச்சிய பாகும், புருவம் போன்ற சிறிய இடங்களுக்கு நூலும் இவ்வகையின. வலி உண்டு, ஆயினும் மூன்று முதல் ஆறு கிழமை வரை பயன் நிற்கும். சூடான மெழுகு தோலைச் சுடும். முகப்பருவுக்குச் சில வகை மாத்திரை உட்கொள்வோரின் தோல் மெழுகோடு உரிந்து வரக்கூடும். அவர்கள் இதனை விலக்குதல் வேண்டும். போட்டிக்கு நான்கைந்து நாட்களுக்கு முன்னரே செய்தல் நலம்.

ஐந்தாவது, லேசர்க் கதிர். அக்கதிர் உரோமத்தின் கருநிறத்தைத் தேடிச் சென்று வெப்பமாகி மயிர்க்காலை அழிக்கின்றது. தோலும் கருநிறமாயின் வெப்பம் தோலிலும் தங்கிச் சுட்டுவிடும். கறுத்த தோலுக்கு நீண்ட அலைக்கதிர் உடைய தனிவகைக் கருவி வேண்டும். பல தடவை செய்தல் வேண்டும். அக்காலத்தில் வெயிலைத் தவிர்த்தல் வேண்டும். நாள்தோறும் வெயிலிலே பயிலும் வீரனுக்கு இஃது எளிதன்று. தோல்நோய் மருத்துவரின் துணையின்றி இதனை நாடலாகாது.

எவர் எம்முறையும் கொள்ளாதிருத்தல் நன்று என்பதும் கூறத்தக்கது. நீரிழிவு உடையோருக்குக் காலிற் படும் சிறு கீறலும் ஆறாப் புண்ணாகலாம். முதியோரின் தோல் மெல்லியது. இரத்தம் உறையாதிருக்க மருந்து உண்போருக்குக் குருதி எளிதில் நில்லாது. இவர்கள் அலகைத் தொடாதிருத்தலே அறிவு. போரினாலே காலிழந்து செயற்கைக் காலோடு நடந்தும் ஓடியும் வரும் வீரர் வன்னியிலே பலர். வெட்டுண்ட காலின் எஞ்சிய பகுதியை அவர்கள் மழித்தலாகாது. மழித்தபின் முளைக்கும் முள் போன்ற உரோமம் செயற்கைக் காலின் உறையினுள் அழுந்தி மயிர்க்காலைச் சீழ்ப்பிடிக்கச் செய்யும். ஒரு கொப்புளத்தால் பல நாட்கள் செயற்கைக் காலை அணிய இயலாது போகும். அவருக்கு அது போட்டியை மட்டுமன்று, நடையையே இழத்தலாகும்.

இறுதியாக, எண்களால் அளக்க இயலாத ஒரு தீங்கு உண்டு. அதுவே நாணம். பருவமெய்திய பெண்பிள்ளை, தன் காலில் உரோமம் தெரியும் என அஞ்சி ஓட்டக் களத்தை விட்டு விலகுகின்றாள். உடன் பயில்வோரின் ஒரு கேலிச்சொல் ஒரு நல்ல வீராங்கனையை வீட்டுக்கு அனுப்பிவிடும். உரோமம் இருத்தல் அழுக்குமன்று, குற்றமுமன்று. உடல் உரோமத்தை நீக்கி வரவேண்டும் என ஓட்டப் போட்டியிலோ நீச்சற் போட்டியிலோ விதி எதுவும் இல்லை. நீக்க விரும்புபவள் நீக்கலாம். விரும்பாதவள் அவ்வாறே ஓடலாம். மழித்தால் உரோமம் தடித்து அடர்ந்து வளரும் என்று வீட்டார் அச்சுறுத்துவதும் உண்மையன்று. மில்ட்றெட் ட்றொட்டர் என்னும் உடற்கூற்று அறிஞர் 1928 ஆம் ஆண்டிலேயே அதனை ஆராய்ந்து, மழித்தலால் வளர்ச்சி மாறுவதில்லை எனக் காட்டினார். வெட்டுண்ட முனை மழுங்கியிருப்பதால் தடித்ததுபோற் தோன்றுகின்றது, அவ்வளவே. முகத்திலும் மார்பிலும் திடீரென உரோமம் மிகுமாயின், அது மருத்துவரிடம் காட்டத்தக்க குறி, எள்ளத்தக்க குறையன்று.

மழித்த இடம் சிவந்து வெப்பமுற்று வீங்கினும், சீழ் கட்டினும், காய்ச்சல் தோன்றினும் காலந்தாழ்த்தாது வைத்தியசாலைக்குச் செல்லல் வேண்டும். முள்ளியவளையாருக்கு மாஞ்சோலையில் உள்ள மாவட்டப் பொது வைத்தியசாலை அண்மையிலேயே உளது. வயல்நீரிலோ குளத்திலோ இறங்கியிருப்பின் அதனையும் மருத்துவரிடம் கூறுதல் வேண்டும்.

சுருங்கக் கூறின், குளத்திலே நீந்தும் போட்டியாளனுக்கு உரோமம் நீக்குதல் சிறிது பயன் தரும். சைக்கிள் வீரனுக்கு மிகச் சிறிது பயன் தரும். ஓடுவோருக்கும் நடப்போருக்கும் வேகத்தில் ஒரு பயனும் தராது. தேர்ந்த வீரன் கடைசி விநாடியைத் தேடும்போது அதனை நாடலாம். பயிற்சியைத் தொடங்கும் சிறுவனுக்கு அவ்விநாடி வேண்டியதில்லை. அவனுக்கு வேண்டியது நல்ல உணவும் போதிய உறக்கமும் இடையறாப் பயிற்சியும். தோல் என்பது ஒவ்வொருவரும் பிறக்கும்போதே அணிந்து வந்த ஆடை. அதனைக் கிழித்துக்கொண்டு வேறு எந்த ஆடையை அணிந்து ஓடினும், நெடுந்தூரம் செல்ல இயலாது.